ஐந்து பேர் முடிக்க வேண்டும்

என் மனைவி வெர்ணா பிப்ரவரியில் இறந்தாள். அடக்க ஏற்பாடு செய்தவர்கள் செய்தித்தாளுக்கு ஒரு குறிப்பு எழுதி என்னிடம் காட்டினார்கள். அமைதியானவள், பூக்களை நேசித்தவள் என்று அதில் இருந்தது. பூக்களை அப்படியே இருக்க விட்டேன். ‘அமைதியானவள்’ என்பதை அடித்தேன். எங்கள் வீட்டில் அமைதியாக இருந்தது நான்தான்.

நான் பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தினேன். அவள் இருபத்தாறு வருடம் மாவட்ட நீதிமன்ற வாசலில் காவலுக்கு நின்றாள். காவலர்கள் எல்லாரும் ரிவால்வரைக் கொடுத்துவிட்டு பிஸ்டல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு மூன்று கடிதங்கள் வந்தன. ஆண்டுத் தேர்வில் தான் சுட்டு எடுத்த மதிப்பெண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி மூன்றுக்கும் பதில் அனுப்பினாள். நான்காவது கடிதம் வரவில்லை. ஓய்வு பெற்ற அன்று அந்த ரிவால்வரையே விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அதற்கப்புறம்தான் போட்டிகள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பழைய கல்குவாரியில். இலக்கிலிருந்து இலக்குக்கு நகர்ந்தபடி சுட வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை பட்டது என்று இரண்டுக்கும் கணக்கு உண்டு. எல்லாரிடமும் பதினேழு தோட்டா பிடிக்கும் பிஸ்டல், அவள் ரிவால்வரின் சுழலும் உருளையில் ஆறு. அவள் நின்று தோட்டா மாற்றும்போது மற்றவர்கள் முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

“என்ன வெர்ணாம்மா, இன்னும் அந்த ராட்டினத்தையா சுத்தறீங்க?” என்பான் டைலர். குழாய் வேலை செய்பவன், என் பழைய மாணவன்.

“பதினேழு சுட்டிருக்கே, நாலு பட்டிருக்கு. உனக்குத் தோட்டா பத்தாம இல்ல தம்பி, கண்ணு பத்தல.”

ரிவால்வருக்குத் தனிப் பிரிவு விதிப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் ஒரு பிரிவில் ஐந்து பேராவது எல்லாச் சுற்றையும் முடித்தால்தான் அதற்குத் தனிப் பட்டியல். இல்லையென்றால் அவர்கள் பெயரும் பிஸ்டல்காரர்களோடு கலந்துவிடும். ரிவால்வரோடு வருபவள் அவள் ஒருத்திதான். ஆகவே பதினோரு வருடம் அவள் பெயர் அந்தப் பெரிய பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கே அதை எழுதியது என் கை. மதிப்பெண் மேசை என்னுடையது.

பிறகு காலம் மாறியது. கம்பெனிகள் பழைய பாணி ரிவால்வர்களை மறுபடி செய்யத் தொடங்கின. கருநீல எஃகு, வால்நட் கட்டைப் பிடி. துப்பாக்கிச் சந்தையில் அந்த மேசைகளைச் சுற்றித்தான் கூட்டம். வெர்ணா ஒரு வாரம் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தாள். அப்புறம் கவனித்தாள்: வாங்கியவர்களில் யாரும் சுடவில்லை. உருளை சுற்றச் சுற்ற அதன் எஃகில் மெல்லிய கோடு ஒன்று விழும். கோடு விழுந்தால் சேகரிப்பவர்களிடம் மதிப்புப் போச்சு. ஆகவே கையுறை போட்டு எடுத்துப் பார்ப்பார்கள், வெல்வெட் பெட்டியில் திரும்ப வைப்பார்கள்.

“கல்யாணம் பண்ணி பொண்டாட்டிய பீரோவுல வெச்சுப் பூட்டறவனுங்க” என்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஏப்ரலில் போட்டி நடத்தும் சங்கத்தின் தலைவர் கார்ல் கூட்டத்தில் அறிவித்தார். செப்டம்பர் போட்டியில் ஐந்து பேர் முடிக்காவிட்டால் ரிவால்வர் பிரிவை விதிப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

“பதினோரு வருஷமா காலி நாற்காலிக்கு இடம் விட்டு வெச்சிருக்கோம், வெர்ணா.”

“காலியா? நான் உக்காந்திருக்கேன் கார்ல். நல்லாப் பாரு.”

அந்தக் கோடை முழுக்க அவள் ஆள் பிடித்தாள். மருத்துவமனையில் அவசரப் பிரிவு நர்ஸ் டிரீனா சுலபமாக மாட்டினாள். அழகாக இருந்ததால் வாங்கினேன், சுட்டுப் பார்க்கவும் ஆசைதான் என்றாள். கார் பட்டறை வைத்திருக்கும் சபோல் அண்ணன் தம்பி இருவரையும் ஒருவரைக் காட்டி ஒருவரை உசுப்பிவிட்டாள். ஐந்தாவது ஆள் பல் டாக்டர் வெண்டல். அவரிடம் எழுபது வருடப் பழைய ரிவால்வர் ஒன்று, வந்த பெட்டியிலேயே மெழுகுக் காகிதத்தோடு இருந்தது. சரி சொல்ல அவருக்கு மூன்று மாதமானது.

செப்டம்பர் ஞாயிறன்று வெண்டலும் வந்தார். மேசையில் பெட்டியைத் திறந்தார். உருளை சுற்றாதபடி அதைச் சட்டத்தோடு சேர்த்து வெள்ளை பிளாஸ்டிக் பட்டை கட்டியிருந்தது. பையிலிருந்து கத்தரியை எடுத்து அந்தப் பட்டைக்கு நேராகக் கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

“என்னால முடியல வெர்ணா. இது வாங்கி இருபத்திரண்டு வருஷம். ஒரு தடவைகூட நான் சுத்தினதில்ல.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். “சரி, நிழல்ல போய் உக்காருங்க டாக்டர்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“வாத்தியாரே, பேரைக் குடு.”

“நான் மார்க் போடறவன்.”

“கார்ல் போடட்டும். கூட்டல் தெரியும் அவனுக்கு.”

எனக்குச் சுடத் தெரியாமல் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகர டப்பாக்களைச் சுட்டிருக்கிறேன். போட்டியில் நின்றதில்லை. துப்பாக்கி எது என்று கார்ல் கேட்டார்.

“என்னோடதுதான். நான் சுட்டு முடிச்சதும் அவர் சுடுவார். கூடாதுன்னு எழுதியிருந்தா காட்டு” என்றாள் வெர்ணா.

கார்ல் புத்தகத்தைப் புரட்டினார். எழுதியிருக்கவில்லை.

நான் ஜெயிக்க வேண்டாம். ஆறு சுற்றையும் முடித்தால் போதும். ஆனால் குழல் முனை ஒரு முறை பக்கவாட்டில் எல்லை தாண்டினால், நகரும்போது விரல் விசையில் இருந்தால், அந்த இடத்திலேயே வெளியேற்றிவிடுவார்கள். அப்புறம் மிச்சம் நாலு பேர்தான், பிரிவு அவ்வளவுதான்.

“ஓடாதே” என்றாள் வெர்ணா. “யாரையும் முந்தாதே. வெளிய மட்டும் போயிடாதே.”

ஒவ்வொரு சுற்றிலும் அவள் சுட்டுவிட்டு வருவாள், சோதித்த பின் துப்பாக்கி என்னிடம் வரும். உருளை சூடாக இருக்கும். கட்டைப் பிடியில் அவள் கை வியர்வை இருக்கும். நான்கு சுற்று அப்படிப் போனது. ஐந்தாவதில் பின்னால் நகர்ந்தபடியே தோட்டா மாற்ற வேண்டும். அங்கேதான் பலருக்கும் முனை திரும்பிவிடும். நான் நகரவில்லை. நின்றேன். குழலை இலக்குகளுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டுப் பக்கம் வைத்து ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டேன். பின்னால் சிரிப்பு கேட்டது.

“மணி அடிக்கறதுக்குள்ள சார் முடிச்சிருவாரா?” என்றான் டைலர்.

“உன்கிட்ட அவர் ஒரு வருஷம் பூரா பொறுமையா இருந்தாருடா. நீ ஒரு நிமிஷம் இரு” என்றாள் வெர்ணா. இந்த முறை சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது.

ஆறாவது சுற்றில் ஆறு இரும்புத் தட்டுகள். இரண்டைத் தவறவிட்டேன், மறுபடி நிரப்பி அவற்றையும் விழவைத்தேன். உருளையைத் திறந்து காலி என்று காட்டினேன். களப் பொறுப்பாளர் “முடிந்தது” என்றார்.

சங்கக் கட்டடத்துச் சமையலறையிலிருந்து வெண்ணெயில் வதங்கிய முட்டைக்கோஸும் நூடுல்ஸும் தட்டுகளில் வந்துகொண்டிருந்தன. வெர்ணா சாப்பிடப் போகவில்லை. கார்ல் கூட்டி முடிக்கும்வரை அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவர் தாளைப் பலகையில் குத்தினார். மேலே ‘ரிவால்வர்’ என்று ஒரு தலைப்பு, கீழே ஐந்து பெயர்கள். முதலில் டிரீனா. இரண்டாவது வெர்ணா, ஒன்றரை வினாடி பின்னால். அடுத்து சபோல் தம்பி, சபோல் அண்ணன். கடைசியில், வெகு தூரம் கீழே, நான்.

டிரீனாவின் முகம் சிவந்துவிட்டது. “அய்யோ, மன்னிச்சிடுங்க. இது நீங்க போராடி வாங்கின பிரிவு…”

“மன்னிப்புக் கேட்டேன்னா சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கிடுவேன்” என்றாள் வெர்ணா. “பதினோரு வருஷமா என்னைத் தோக்கடிக்க சரியான ஆளே இல்லாம தோத்துட்டிருந்தேன். அடுத்த மாசம் வா. வராம இருந்துடாதே.”

டிரீனா வந்தாள். வெர்ணா ஜெயித்தாள். அடுத்த மாதம் டிரீனா. அன்று பட்டியலில் எட்டுப் பெயர்கள் இருந்தன, என் பெயர் எட்டாவது.