வெள்ளை நாய்க்கு வைத்த சோதனை

ஆய்வுக்கூடத்தின் நடுவே ஒரு சாம்பல்நிறக் கம்பளியைத் திரையாகத் தொங்கவிட்டு ஆணி அடித்தவர் அட்டெண்டரேதான். அவ்வளவு உற்சாகமாக அடித்தார். கல்யாணத்துக்கு முன்பு, பெங்களூரில் ஒரு கல்லூரியின் உளவியல் துறையில் இரண்டு வருஷம் குறிப்பெழுதும் வேலை பார்த்தேன். விலங்குகளின் நடத்தையை மனிதர் நடத்தையோடு ஒப்பிட்டு ஆராயும் பிரிவு. எலிக்கூண்டு கழுவித் தீனி போடுவது அட்டெண்டரின் பொறுப்பு. அல்சூரிலிருந்து சைக்கிளில் வருவார். பின்னாலேயே அவருடைய வெள்ளை நாய் ஓடிவரும்.

அந்த நாயைப் பற்றி அவருக்குப் பெருமை தாங்காது. "தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணும் தெரியும் மிஸ். எஸ்.எஸ்.எல்.சி.தான் எழுதல" என்பார். "கூத்கோ" என்றால் உட்காரும். "வா" என்றால் வரும். "கெட் அவுட்" என்றால் வாசல்வரை போய், நிஜமாகவா என்று கேட்பதுபோல் திரும்பிப் பார்க்கும். நாங்கள் கைதட்டுவோம். பேராசிரியர் மட்டும் தட்டமாட்டார். வார்த்தையைக் கேட்டுச் செய்கிறதா, உம்மைப் பார்த்துச் செய்கிறதா என்று ஒருநாள் கேட்டார். "திரைய கட்டிப் பாத்துடலாம் சார்" என்று சுத்தியலோடு வந்துவிட்டார் அட்டெண்டர்.

திரைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நாயும், நோட்டும் கையுமாக நானும். நான் தலை நிமிரக்கூடாது என்பது பேராசிரியரின் உத்தரவு. என் முகம்கூட நாய்க்கு விடை சொல்லிக்கொடுத்துவிடுமாம். அட்டெண்டர் மூன்று மொழியிலும் கூப்பிட்டார். நாய் தன் காலை நக்கிக்கொண்டிருந்தது. பேராசிரியர் அதற்குப் பின்னால் போய் ஒரு தாம்பாளத்தைத் தட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன், நாயின் காதுமடல் அசையவே இல்லை. அட்டெண்டர் திரையோரமாகத் தலையை நீட்டியதும் வாலாட்டிக்கொண்டு எழுந்தது.

"அஞ்சு வருஷமா இதுகிட்ட பேசிட்டிருக்கேன். திருட்டுப்பய, என் மூஞ்சியதான் படிச்சிருக்கான்" என்று சிரித்தார். அன்று மாலை அவர் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே, நாலடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தபடி போனார். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் நாய்க்குக் கேட்காதே என்ற நினைப்பு அன்றுதான் அவருக்கு வந்திருக்க வேண்டும்.

நாயை அறிவதற்காக மட்டும் நாயைப் பார்க்கவில்லை, அன்பு வைத்த கண்ணாலும் தப்பாமல் பார்க்கப் பழகுகிறோம் என்று பேராசிரியர் பிறகு சொன்னார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மாணவர் பரீட்சைக்கு ஆகும் வாக்கியம் என்றுதான் நினைத்தேன்.

இப்போது லிங்கராஜபுரத்து வாடகை வீட்டில் என் பிள்ளைக்குப் பதினோரு மாதம். "தங்கமான புள்ள, தீபாவளி வெடிக்குக்கூட முழிக்கல" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்வார். கேட்கும்போதெல்லாம் அந்த நாயின் அசையாத காதுமடல் எனக்கு நினைவுக்கு வரும். "அப்பா வந்தாச்சு" என்றால் அவன் வாசலைப் பார்க்கிறான், வாஸ்தவம். ஆனால் அதற்குமுன் நான் வாசலைப் பார்த்துவிடுகிறேனே? பெற்ற பிள்ளைக்கு, நாய்க்கு வைத்த சோதனையை வைப்பாளா ஒருத்தி? வைக்காமல் இருப்பதும் பாவமோ? ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். சோதிக்காதவரையில் அவனுக்குக் காது கேட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை கணவரிடம் சொல்லிவிட்டேன்.

"உனக்குப் படிப்பு ஜாஸ்தியாயிடுச்சு. கூப்பிட்டா திரும்பறானே!"

"என்னைப் பாத்துத் திரும்பறாங்க. நான் உள்ள போயிடறேன். நீங்க அவன் பின்னால நின்னு கூப்பிடுங்க."

சமையலறைக் கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே நின்றேன். முதலில் கொஞ்சலாகக் கூப்பிட்டார். அப்புறம் முழுப் பெயரைச் சொல்லி. பிறகு கத்தினார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கொல்லையிலிருந்து மாமியார் ஈரக்கையோடு ஓடிவந்து, "என்னடா, என்ன ஆச்சு?" என்றார்.

நான் வெளியே வந்தேன். பிள்ளை தரையில் டம்ளரை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். என் நிழல் பட்டதும் நிமிர்ந்து சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல நின்றது.