துக்க மணி நின்றபோது

செஞ்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். யாராவது இறந்தால் மாதா கோயிலில் துக்க மணி அடிப்பார்கள். கொரோனா இரண்டாவது அலையின்போது டீவியில் தினமும் ஒரே சண்டை. அரசாங்கம் சாவைக் குறைத்துக் காட்டுகிறது என்பார் ஒருவர். சும்மா பயமுறுத்தாதீர்கள் என்பார் இன்னொருவர். என் கணவர் அலுத்துப்போய் அணைத்துவிடுவார். "இவனுங்க கணக்கு யாருக்கு வேணும்? நம்ம ஊரு மணி பொய் சொல்லாது" என்பார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

திடீரென்று மணிச் சத்தமே நின்றுபோனது. "கொரோனா அடங்கிடுச்சி" என்று என் கணவர் மாஸ்க்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, செஞ்சி கடைத்தெருக் கூட்டத்தில் சுற்றிவிட்டு வந்தார். சில நாட்களில் காய்ச்சல், மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆக்சிஜனுக்காகக் காத்திருந்தபோது எங்கள் கோயில் உபதேசியாரைப் பார்த்தேன். மணி அடிப்பவர் அவர்தான். மனைவியைச் சேர்த்திருந்தார்.

"மணி அடிக்கலியே, ஊருல யாருக்கும் ஒண்ணுமில்லன்னு இருந்துட்டோம்" என்றேன்.

"இன்னாம்மா பண்றது? மணி கேட்டா வீட்ல படுத்திருக்கிறவங்க பயந்து நடுங்குறாங்க. அதான் நிறுத்திட்டோம். சாவு நிக்கல" என்றார்.

என் கணவர் பிழைத்து வீடு திரும்பினார். உபதேசியாரின் மனைவி திரும்பவில்லை. அந்த அம்மாவுக்கும் மணி அடிக்கவில்லை.

எத்தனை பேர் செத்தார்கள் என்று டீவியில் இன்னமும் சண்டை வருகிறது. கேட்கத் தெம்பில்லை. ஊர் ரொம்ப அமைதியாக இருந்தால் மட்டும், தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன்.