தாம்பூலம் மாற்றும் முன்

குந்தவையின் கோபத்துக்குப் பொறுமை அதிகம் என்று வலங்கைமானில் சொல்வார்கள். பள்ளியில் படிக்கும்போது பக்கத்து வயல்காரர் இவர்கள் தண்ணீரை மறித்துக்கொண்டார். அன்று அவள் ஒன்றும் பேசவில்லை. அவர் அறுப்புக்கு ஆள் சொல்லும்வரை காத்திருந்து, அறுப்புக்கு முந்தின நாள் போய் அவர் வயலுக்கு மடையைத் திறந்துவிட்டாள்.

அத்தை அகிலாண்டத்தின் மகன் அரவிந்தனுக்கே அவளைக் கொடுத்தார்கள். பிறந்த பையன் விளக்கைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் கண்ணை அழுத்திக்கொண்டே கிடந்தான். அகிலாண்டம் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எங்க பொறந்த வீட்டு ரத்தத்துல இது கெடையாது. உங்கம்மா கொண்டாந்தது."

அதைக் கேட்ட குந்தவையின் அம்மா அதன்பிறகு பேரனைப் பார்க்க வரவே இல்லை.

தஞ்சாவூர் டாக்டர் குழந்தையின் கண்ணில் வெளிச்சத்தை மின்னவைத்து, விழித்திரை பதில் சொல்கிறதா என்று கருவியில் பார்த்தார். கோடு அசையவில்லை. பிறகு அவர்கள் ரத்தத்தையும் குந்தவையின் அப்பா, அம்மா ரத்தத்தையும் சோதித்தார்கள். ஒரே குறை தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்ததால்தான் கண் போயிற்று; ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் தெரிந்தே இருக்காது என்றார் டாக்டர். குந்தவையின் அப்பாவிடம் அது இருந்தது, அம்மாவிடம் இல்லை. அரவிந்தனுக்கு, அவள் அப்பாவின் தங்கையான அகிலாண்டத்திடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். இனிச் சொந்தத்தில் கல்யாணம் என்றால் சோதித்துவிட்டுச் செய்யச் சொன்னார்.

தன் அம்மாவிடம் சொல்லாதே என்று அரவிந்தன் பஸ்ஸில் கெஞ்சினான். அவள் உடனே சரி என்றாள். அவன் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

அகிலாண்டம் தன் மகள் கலைமகளைத் தன் கடைசித் தம்பிக்கே, குந்தவையின் சித்தப்பாவுக்கே, பேசிக்கொண்டிருந்தாள். பேசட்டும். ஒருநாள் அத்தையும் மகள் வயிற்றுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே விளக்கை ஆட்டிப் பார்ப்பாள். குந்தவை அந்த நாளைச் சோற்றோடு பிசைந்து தின்றாள்.

நிச்சயதார்த்தத்தன்று குழந்தையைக் கூடத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள். பின்கட்டில் உட்கார்ந்து, கண்ணுக்குப் போன அந்தச் சின்னக் கையைக் குந்தவை விலக்கினாள். அது மறுபடி போயிற்று. அவள் காத்திருந்த பழியில் கண்ணைத் தேடப்போவது அகிலாண்டத்தின் கை அல்ல, இதைப்போல இன்னொரு சின்னக் கை. அதற்காகப் பழியை விட்டுவிடவும் மனசில்லை.

பையனைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தட்டு மாற்றக் கைகள் நீண்டிருந்தன.

"இவன் கண்ணு உங்க பொறந்த வீட்டு ரத்தத்துலதான் போச்சு, அத்தை. எங்கப்பாகிட்ட இருக்கு, உங்ககிட்டயும் இருக்கணும். சித்தப்பாவும் கலைமகளும் ரத்தம் சோதிச்சுட்டு வரட்டும். அப்புறம் தட்டு மாத்துங்க."

எல்லோரும் அரவிந்தனைப் பார்த்தார்கள். அவன் தலை நிமிரவில்லை. கலைமகள் மணையை விட்டு எழுந்துவிட்டாள்.

"இவ்வளவு நாளா இதை வயித்துலயே வச்சிருந்தியாடி?" அகிலாண்டம் கேட்டாள்.

"எங்கம்மாவைச் சொன்னீங்களே, அதுவும் அங்கதான் கெடக்கு." குந்தவை ஃபோனில் அம்மாவின் எண்ணை அழுத்தி அத்தையிடம் நீட்டினாள். "ரிங் போவுது. அவங்க கொண்டாந்தது இல்லைன்னு இத்தனை பேரும் கேக்குற மாதிரி சொல்லுங்க."