விலா எலும்பு இல்லாத கப்பல்

எங்கள் வீட்டில் எப்படி வேண்டுமானாலும் உட்காரலாம், கன்னத்தில் கைவைத்து மட்டும் உட்காரக் கூடாது. "என்ன, கப்பலா கவுந்துபோச்சு?" என்று உம்மா கையைத் தட்டிவிடுவாள். ஊருக்கெல்லாம் அது சொலவடை. எங்களுக்கோ பிழைப்பு. கீழக்கரையில் தலைமுறையாகத் தோணி ஓட்டிய குடும்பம். வாப்பா அரபு நாட்டில், அஜ்மானில் மரக்கப்பல் கட்டும் யார்டில் மேஸ்திரி; நாங்களும் அங்கேதான் இருந்தோம். பத்து நாட்டு ஆட்கள் வந்துபோகிற யார்டு அது.

நான் அஞ்சாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் எக்ஸிபிஷன் வைத்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது இங்கிலாந்தின் ஒரு துறைமுகம். கடலோடிக் குடும்பம் ஒன்று அங்கே கப்பல் கட்ட ஆரம்பிக்க, கயிறு திரிப்பவர், பாய் தைப்பவர், கொல்லர் என்று ஆட்கள் குடியேறி, சின்னத் துறை பெரிய ஊரானதாம். நான் செய்ய வேண்டியது, அவர்கள் பாதி கட்டிய கப்பலின் மாதிரி. முதலாவதாக வருவது பள்ளி வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வருஷம் இருக்கும், செய்தவர் பெயரோடு. அந்தப் பெட்டி எனக்குக் கனவிலேயே வந்தது.

வாப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து ஆகாது. பள்ளியில் கொடுத்த புத்தகத்தை நான்தான் படித்துத் தமிழில் சொன்னேன்.

"அட, நம்மாளுங்க! ஆனா முதல்ல வந்தது டீக்கடையாத்தான் இருக்கும். அத எழுதாம விட்டுட்டான் பாரு" என்றவர், பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். பலகையே இல்லாமல் விலா எலும்பு மாதிரி வளைந்த கட்டைகள் மட்டும் வரிசையாக நின்றன.

"பாவம், நல்ல கப்பல இப்படி ஒடச்சுப் போட்டிருக்கானுவளே. புள்ளைங்க புத்தகத்துல போடுற படமா இது?"

வாப்பாவின் யார்டில் பலகையைத்தான் முதலில் சேர்ப்பார்கள். உடம்பு முழுசும் எழும்பிய பிறகு, அதன் வளைவுக்குத் தக்கபடி உள்ளே எலும்பு வைப்பார்கள். எலும்பு மட்டும் தெரிந்தால் அது உடைக்கிற கப்பல். வாப்பா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மிச்சத் தேக்கில் அழகான பாதிக் கப்பல் ஒன்று செய்தார். பலகை எல்லாம் உண்டு, உள்ளே ஒரு எலும்பு கிடையாது.

எக்ஸிபிஷன் அன்று லீவு போட்டு, சலவைச் சட்டையில் வந்து கப்பலுக்குப் பக்கத்தில் நின்றார். மிஸ் குனிந்து பார்த்தார். எலும்பு எங்கே, எலும்புதானே முதலில், பலகை பிறகுதானே, இது தலைகீழாக இருக்கிறதே, இந்தக் கப்பலைப் பார்த்தால் அந்த இங்கிலாந்துக் குடும்பமே சிரிக்கும் என்று இங்கிலீஷில் அடுக்கினார்.

"என்ன புள்ள சொல்றாங்க?" என்றார் வாப்பா.

"ரொம்ப அழகா இருக்காம் வாப்பா" என்றேன்.

"பலகைக்குப் பொறவுதான் எலும்பு வைப்போம்னு வெளக்கிச் சொல்லு."

நான் மிஸ் பக்கம் திரும்பி, எலும்பு செய்வதற்குள் மரம் தீர்ந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன். மிஸ் சிரித்துவிட்டார். வாப்பா அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். இரண்டு பக்கமும் சமாளித்த கெட்டிக்காரி என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

கண்ணாடிப் பெட்டி, தெர்மகோலில் மணிக்கூண்டு செய்த பையனுக்குப் போயிற்று. பஸ்ஸில் என் கை தானாகக் கன்னத்துக்கு ஏறியது. வாப்பா மெதுவாக எடுத்துவிட்டார். "கப்பல் கவுழல புள்ள. அது இன்னும் தண்ணிக்கே போகலையே."

அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். அதே நீளத்தில் இன்னொரு கப்பல், வெறும் எலும்பு மட்டும். அதை டிவி மேலிருந்த முதல் கப்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"மீனத் தின்னுட்டு முள்ள டிவி மேல வைக்கிறீங்களா?" என்றாள் உம்மா.

"இது வெள்ளக்காரன் கட்டுற மொறை. எலும்பு முதல்ல, பலகை பொறவு" என்று இரண்டையும் ஜோடியாக நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "இந்தத் தடவ மரம் தீந்துபோகல."

நானும் சேர்ந்து சிரித்தேன். படத்தை இன்னொரு தரம் பார்த்துத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார், எங்க வாப்பா மூளைக்காரர் என்று பெருமையாகக்கூட இருந்தது.

மரம் தீர்ந்த கதையை நான் மிஸ்ஸிடம் மட்டும்தான் சொன்னேன், அதுவும் இங்கிலீஷில் என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று.