ஒரு முழு நிமிடம்

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கலாராணி பதினாறு வருடமாக மருத்துவமாது. பிள்ளை பெற்ற வீடுகளைத் தேடி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாக ஏறி இறங்குவதுதான் வேலை. இந்த வருடம் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியில் அவளையும் சேர்த்தார்கள். பாதிப் பாடம் கைபேசியில். மீதி பதுளையில், பொம்மையை வைத்துச் செய்து பழகுவது.

பிறந்த குழந்தையின் மூச்சு சீராக இருக்காது, அதனால் முழு நிமிடம் எண்ண வேண்டும், அறுபதைத் தொட்டாலே ஆபத்து என்றது ஒரு காணொளி. கலாராணி காணொளியை நிறுத்தினாள். அவசரத்தில் அரை நிமிடம் எண்ணி இரட்டித்து எழுதுவதே அவள் வழக்கம். அந்த வாரம் மட்டும் மூன்று குழந்தைகளுக்கு அப்படி எழுதியிருந்தாள்.

விடிந்ததும் கிளம்பினாள். முதல் இரண்டு குழந்தைகளுக்கும் குறையில்லை. மூன்றாவது, மேனுஷாவின் ஆறு நாள் மகன். சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள். அறுபத்தெட்டு. சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணினாள். எழுபது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே சதை உள்வாங்கியது.

"பால் குடிக்கிறானா?"

"நேத்துலேருந்து சரியாக் குடிக்கல மிஸ். தூங்கிக்கிட்டே இருக்கான்."

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மேனுஷாவின் கணவன் தினுஷன் வாசலை விட்டு நகரவில்லை. "முந்தாநாள் நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன் தம்பி. இப்ப அப்படி இல்ல. ஆட்டோவுக்குச் சொல்லுங்க."

உடம்புச் சூடு குறையாமலிருக்கக் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துப் போர்த்தி, கலாராணியும் கூடவே ஏறிக்கொண்டாள். வளைவுக்கு வளைவு துணியை விலக்கி மூச்சைப் பார்த்தாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் கழித்தே டாக்டர் நௌபர் வெளியே வந்தார். "நெஞ்சில கிருமித் தொற்று. மருந்து ஏத்தியிருக்கோம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டம்."

"முந்தாநாளே இருந்திருக்குமா டாக்டர்?"

"அதைச் சொல்ல ஏலாது."

ஆஸ்பத்திரியில் சேர்த்த பத்தாம் நாள் குழந்தை தேறி வீட்டுக்கு வந்தது. பார்க்கப் போன கலாராணியின் கையைப் பிடித்துக்கொண்டு மேனுஷா நன்றி சொன்னாள். அதற்கு மேல் கலாராணியால் மறைக்க முடியவில்லை.

"நல்லா இருக்குன்னு சொன்ன அன்னைக்கு நான் மூச்சைச் சரியா எண்ணல மேனுஷா. அரை நிமிஷந்தான் எண்ணுனேன்."

மேனுஷா கையை விட்டாள். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள், முகத்தைப் பார்க்காமலே.