மஞ்சள் கயிறு கட்டிய ரம்பம்

வீட்டுக்கு ஒரு சாமி மேடை செய்யச் சொல்லி, குருண் ஊரில் ஒரு மரவேலைக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி, காதில் பென்சில், கார் நிறுத்தும் இடமே பட்டறை. ஒவ்வொரு முறை அறுத்து முடித்ததும் ரம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

மரத்தைக் கோணத்தில் அறுக்கும் அந்த மைட்டர் ரம்பத்தின் பிளேடு மூடி கீழே இறங்காதபடி தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. கட்டியிருந்தது ஆயுத பூஜை மஞ்சள் கயிறு. நான் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு பார்க்கிறவள். தவறுகளை வரிசையாகச் சொன்னேன்: மூடி இல்லை, கட்டையை இறுக்கக் கிளாம்ப் இல்லை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. நான்காவதை விரல் நீட்டிக் காட்டினேன். பிளேடுக்கு நாலு விரல் தள்ளிக் கட்டையைப் பிடித்திருந்தது அவர் மனைவியின் கை.

"மூடி இருந்தா கோடு தெரியலம்மா. சாமி கயிறு காவல் இருக்கு, தாப்பா லா, ஒன்னும் ஆகாது," என்று சிரித்தார்.

"காவல் அந்த மூடிதாண்ணே. அதத்தான் கட்டிப் போட்டிருக்கீங்க. கை அக்காவோடது."

"அவ பழகிட்டா."

பிளக்கைப் பிடுங்கினேன். கயிற்றை அவிழ்த்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

அடுத்த வாரம் மேடையை எடுக்கப் போனபோது மூடியைக் கம்பியால் தூக்கிக் கட்டியிருந்தார். மஞ்சள் கயிறு அக்காவின் மணிக்கட்டில் இருந்தது.

"நீ சொன்னதக் கேட்டுட்டேன், பாத்தியா?" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. அதனால்தான் என் ஆத்திரம் இன்னும் தீரவில்லை.