பாதிப் படங்களும் நாலு மணி பஸ்ஸும்

ஒரு மனிதனுக்கு வருஷத்தில் எத்தனை தடவை கிணற்று மோட்டார் கருகும்? காங்கேயம் பாலுசாமிக்கு ஆறு தடவை கருகியது. பஸ் கூரையில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்து, சிங்காநல்லூரில் கோவிந்தராஜுலு மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி காயில் கட்டிக்கொண்டிருந்த ஒர்க்‌ஷாப்பில் இறக்குவார். கொடுக்க ஒரு நாள், எடுக்க ஒரு நாள். அந்த மோட்டார்களில் பாதிக்கு மேல் ஒரு கோளாறும் இல்லை என்பது கோவிந்தராஜுலுவுக்குப் பிரித்த உடனே தெரிந்துவிடும். அவரும் சும்மா துடைத்து மாட்டி வைப்பார். முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை இது.

ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே தியேட்டர். இரண்டரை மணி ஆட்டத்துக்கு இருவரும் போவார்கள். இடைவேளை மணி அடித்ததும் பாலுசாமி எழுந்துவிடுவார். வீட்டில் நாலு கறவை மாடு. அவர் கை படாவிட்டால் ஒன்றும் பால் சுரக்காது. நாலு மணி பஸ்ஸைப் பிடித்தே ஆக வேண்டும். அவர் எழுந்தால் கோவிந்தராஜுலுவும் எழுந்துவிடுவார். இப்படியே ஒன்பது வருஷம் பாதிப் படமாகப் பார்த்தார்கள்.

மீதிப் படத்தைப் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் பத்து நிமிஷத்தில் அவர்களே முடித்துவைப்பார்கள். கதாநாயகியை அவளுடைய அத்தை பையனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, கதாநாயகனையும் அவன் சிநேகிதனையும் ஒரு தோட்டத்தில் குடிவைப்பார் பாலுசாமி. "அந்தப் புள்ளையும் நல்லா இருக்கோணுமில்லீங்க, பாவம்" என்று வேறு சொல்வார். தேங்காய் பன்னைக் கடித்தபடி கோவிந்தராஜுலு சிரிப்பார். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் அவர் அந்த வாரம் முழுவதும் காயில் சுற்றிக்கொண்டிருந்தார்.

காதல் என்ற சொல்லை இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இருட்டில் முழங்கையும் முழங்கையும் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஒரு படத்தில் பெண்ணைப் போல நடந்த ஆள் ஒருவனைக் காட்டினார்கள். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. இவர்களும் சிரித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். அன்றைக்கு முழங்கை விலகிவிட்டது. அந்தச் சிரிப்பு கோவிந்தராஜுலுவை இன்றும் உறுத்துகிறது.

பிறகு பாலுசாமிக்குத் தெய்வாத்தாளைக் கட்டிவைத்தார்கள். அதோடு மோட்டார் கருகுவது நின்றுபோயிற்று. கோவிந்தராஜுலு வந்த ஜாதகங்களை எல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தார். தியேட்டரை இடித்து அபார்ட்மெண்ட் கட்டினார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் பேச்சு, மழை பெய்ததா என்ற விசாரிப்பு, அதோடு சரி.

இப்போது கோவிந்தராஜுலுவுக்கு அறுபத்திரண்டு. பீளமேட்டில் தனி வீடு. அக்கா மகள் சாய்ப்ரியா அவர் போனில் படம் பார்க்க வழிசெய்து கொடுத்தாள். மாமா எதையும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஆனால் எந்தப் படங்களைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆணும் ஆணும் விரும்புகிற கதையைப் படமாக எடுக்கிறார்கள் என்பதே அவருக்கு நம்ப முடியாத சங்கதி. முதல் படத்தைப் பார்த்துவிட்டு பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். பத்தாவது படத்தில் கோபம் வந்துவிட்டது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, பீளமேட்டு பிலிம் கிளப்பில் படம் போடுவார்கள். முடிந்ததும் கருத்துச் சொல்ல அவர் எழுந்தால், படம் எடுத்தவர்கள் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள்.

"நம்மாளு ஒருத்தன் படத்துல வந்தா, ஒண்ணு சாகோணும், இல்லாட்டி ஊரை உட்டு ஓடோணுமுங்களா? அந்தப் பம்பாய்ப் படத்துப் பசங்க வேலைக்கே போறதில்லீங்க, நாள் பூரா கடலையே பாத்துட்டு இருக்கறானுங்க. இன்னொண்ணுல நாலு நிமிசம் ஜன்னலைக் காட்டறாங்க. ஜன்னல் நல்லாத்தான் இருக்குது. அந்த ரெண்டு பேரும் சோறு தின்னாங்களா, சண்டை போட்டாங்களா, அதையக் காட்டலையேங்க!"

தெய்வாத்தாள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. போன பொங்கலுக்குப் பேசியபோது, மாடுகளை விற்றுவிட்டதாகப் பாலுசாமி சொன்னார். அன்றிலிருந்து கோவிந்தராஜுலு ஒரு படம் தேட ஆரம்பித்தார். பாலுசாமியை உட்காரவைத்து முழுசாகக் காட்ட வேண்டும். அதில் இருவரும் கடைசிவரை சேர்ந்திருக்க வேண்டும். ஒரு வருஷத் தேடலில் ஒன்று அகப்பட்டது. மலையூரில் தையல் கடை நடத்தும் இருவரின் கதை. சண்டை போட்டார்கள், சோறு தின்றார்கள், ஒருவன் மற்றவனுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தான். பாதியிலேயே நிறுத்திவிட்டார். மீதியை அவரோடுதான் பார்ப்பது என்று முடிவு. கிளப்பில் கெஞ்சி அதையே போடவைத்தார்.

"படம் ஒண்ணு முழுசாப் பாக்கலாம், வாரீங்களா?"

போனில் பாலுசாமி சொன்னார், "வாரேனுங்க."

வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இரண்டரை மணிக்குப் படம் தொடங்கியது. நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் பாலுசாமி சட்டென்று எழுந்து நின்றார்.

"ஏனுங்க, இடைவேளை உடலீங்களா?"

"இந்தப் படத்துக்கெல்லாம் இடைவேளை கெடையாதுங்க. உக்காருங்க. மாடுதான் இல்லீங்களே."

"எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலீங்க."

உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்து, முழங்கை வந்து முழங்கையில் பட்டது.

படம் மோசம் செய்துவிட்டது. வீட்டில் பார்த்த பெண்ணைக் கட்டச் சின்ன டைலர் மலை இறங்கும் பஸ்ஸில் ஏறினான். பெரியவன் தனியாக மெஷினை மிதித்துக்கொண்டிருந்தான். அதோடு விளக்கைப் போட்டுவிட்டார்கள். கருத்துச் சொல்லக் கூப்பிட்டதைக் காதில் வாங்காமல் கோவிந்தராஜுலு வெளியே வந்தார். ஒரு வருஷம் தேடி, கடைசியில் பாலுசாமியின் கல்யாணத்தையே அவருக்குக் காட்டியாயிற்று. அவமானமாக இருந்தது.

காமராஜர் சாலையில் இருவரும் நடந்தார்கள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வந்தபோது பாலுசாமிதான் வாயைத் திறந்தார்.

"அந்தச் சின்ன டைலரை ரெண்டாவது கொண்டை ஊசி வளைவுல எறக்கிப்போடலாமுங்க."

கோவிந்தராஜுலு நின்றுவிட்டார். "எறங்கி?"

"திரும்பி நடந்து வாரானுங்க. மேடு. கடைக்கு வந்து சேரறதுக்குள்ள கெழவனாயிடறான்." செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டார். "கதவு தெறந்திருக்குமுங்களா?"

"தெறந்தேதானுங்க கெடக்குது."

"காங்கேயம், காங்கேயம், காங்கேயம்!" என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினார். பாலுசாமி அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

"ராத்திரிக்கு என்னங்க சமையல்?" என்று கேட்டார்.